வெங்கீஸ் இவ்வளவு பணம் போட்டும் பிளாக்பர்ன் ரசிகர்களுக்கு ஏன் இத்தனை கோபம்?

கோவை_விங்கர்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக இங்கிலாந்துக் கால்பந்தின் இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப் ஆட்டங்களையும் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப் பற்றி எங்கே படித்தாலும் "வெங்கீஸ் வெளியேறு" என்று ஒரு கூட்டம் கத்துகிறது. வெங்கீஸ் என்றால் நம்ம புனே கோழிக் கம்பெனிதான். சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரில் கிடக்கும் நகெட்ஸ் பாக்கெட்டில் இருக்கிற அதே பெயர்.

2010 நவம்பரில் கிளப்பை 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். அதற்குப் பிறகு நஷ்டத்தை ஈடுகட்ட 20 கோடி பவுண்டுக்கு மேல் போட்டிருக்கிறார்கள் என்று படித்தேன். கிளப்பிலிருந்து லாபம் எடுத்துப் போனதாகத் தெரியவில்லை. அப்புறம் எதற்கு இவ்வளவு வெறுப்பு? என் ரூம்மேட், "இந்தியன் என்பதால்தான், அமெரிக்காக்காரன் என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பான், உண்ட வீட்டுக்கே இரண்டகம்" என்கிறான். அங்கே இருக்கிற யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

---

ரிவர்சைடு_ரகு:

தம்பி, நான் டார்வனில் இருக்கிறேன். ரோவர்ஸ் மைதானமான ஈவுட் பார்க்குக்குப் பக்கத்து ஊர். 2005இல் வேலைக்கு வந்தேன், கூட வேலை செய்தவர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார், அன்றைக்குப் பிடித்த பைத்தியம். அந்த சீசனில் மார்க் ஹியூஸ் மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), பிரீமியர் லீக்கில் 6ஆம் இடம். அதனால் எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று வைத்துக்கொள்.

முதலில் இந்தியர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலையிடத்தில் திங்கட்கிழமை காலையில் யாராவது ஒருவர் என்னிடம் வந்து "உங்க ஆளுங்க இந்த வாரம் என்ன பண்ணினாங்க?" என்று கேட்பார். நான் ஏதோ வெங்கீஸ் ஓனர் ராவ் குடும்பத்துக்கு மச்சான் முறை மாதிரி. பாதி கேலி, பாதி நிஜம். ஆரம்ப வருஷங்களில் ஸ்டாண்டில் கேட்ட சில வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அதெல்லாம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஊரைப் பற்றி உன் ரூம்மேட்டுக்குத் தெரியாது. இந்த வட்டாரத்தில் மூன்றில் ஒருவருக்கு மேல் தெற்காசிய வேர் உள்ளவர்கள், குஜராத்தி, பாகிஸ்தானி முஸ்லிம்கள் அதிகம். 2022இல் ரம்ஜான் தொழுகையை மைதானப் புல்லிலேயே நடத்திய கிளப் இது, இங்கிலாந்தில் முதல் தடவையாக. கோபத்துக்குக் காரணம் தோல் நிறம் என்று ஒரே வரியில் முடித்தால் வெங்கீஸ் ரொம்ப சுலபமாகத் தப்பித்துவிடுவார்கள்.

அவர்களுக்கு முன்னால் இங்கே யார் இருந்தார் என்பதையும் பார். ஜாக் வாக்கர். உள்ளூர் இரும்பு வியாபாரி. தொழிலை பிரிட்டிஷ் ஸ்டீலுக்கு விற்ற பணத்தில், சின்ன வயதிலிருந்து தான் ரசித்த கிளப்பை 1991இல் கையில் எடுத்தார். மேனேஜராகக் கென்னி டால்கிலிஷைக் கூட்டிவந்தார், அன்றைய பிரிட்டிஷ் சாதனைத் தொகைக்கு ஆலன் ஷியரரை வாங்கினார், ஸ்டேடியத்தைப் புதிதாகக் கட்டினார். 1995 மே 14, கடைசி ஆட்டத்தில் லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் 2-1 என்று தோற்றும் பிரீமியர் லீக் சாம்பியன். மேன்செஸ்டர் யுனைடெட் வெஸ்ட் ஹாமில் டிரா செய்ததால். இந்த ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமும் வாக்கர் பெயரைச் சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க நினைக்காதே. 2000இல் அவர் இறந்தார், பத்து வருஷம் கழித்து அவருடைய டிரஸ்ட் வெங்கீஸிடம் விற்றது.

வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, மேனேஜர் சாம் அலர்டைஸை அனுப்பிவிட்டார்கள். அணி அப்போது 13ஆம் இடத்தில் இருந்தது. அழகான ஆட்டம் இல்லைதான், ஆனால் கீழ் லீக்குக்கு இறங்கும் பயம் இல்லாத அணி. அவர் இடத்தில் வந்தது பயிற்சிக் குழுவில் இருந்த ஸ்டீவ் கீன். மேனேஜர் அனுபவமே இல்லாதவர். கிளப்பை வாங்கும்போது வெங்கீஸுக்கு ஆலோசனை சொன்னவர் ஒரு ஆட்டக்காரர் ஏஜென்ட். கீனுக்கும் அவரே ஏஜென்ட். ரொனால்டினியோ வருகிறார், பெக்காம் வருகிறார் என்று பேப்பரில் செய்தி. வந்தது என்னவோ ஒரு விளம்பரம்: டிரெஸ்ஸிங் ரூமில் ஜெர்சியோடு உட்கார்ந்து ஆட்டத்துக்கு முன்னால் கோழிக்கால் கடிக்கும் ரோவர்ஸ் ஆட்டக்காரர்கள். நம்ம ஊர் டிவியில் அது சாதாரண விளம்பரமாகத் தெரியும். இங்கே எங்கள் பக்கத்து ஊர் எதிரி பர்ன்லி ரசிகர்களுக்கு அது தீபாவளி போனஸ்.

2012 மே 7, திங்கட்கிழமை ராத்திரி, விகனோடு ஆட்டம். தோற்றால் சாம்பியன்ஷிப்புக்கு இறங்கிவிடுவோம். நல்ல மழை. நான் ரிவர்சைடு ஸ்டாண்டில், முன்வரிசைப் பக்கம், பேன்ட் முழங்கால்வரை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு கோழிக்கு நீல வெள்ளைத் துணியைப் போர்த்தி மைதானத்துக்குள் விட்டுவிட்டார்கள். அது பாட்டுக்குக் கோல் பக்கம் நடக்கிறது. பாதிப் பேர் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த பெரியவர், அறுபதுகளிலிருந்து வருகிறவர், சிரிக்கவே இல்லை. தெர்மாஸ் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தார். 87ஆம் நிமிஷம் கார்னரில் விகனின் அல்காராஸ் தலையால் முட்டினார், 1-0. பதினோரு வருஷ பிரீமியர் லீக் அத்தோடு சரி.

அதுகூட பரவாயில்லை. கிளப்கள் இறங்கும், ஏறும். அடுத்த சீசன்தான் நான் எல்லோருக்கும் எடுத்துக் காட்டுவது. செப்டம்பரில் கீன் போனார். ஹென்னிங் பெர்க் வந்தார். 1995இல் கோப்பை ஜெயித்த அணியில் டிஃபென்டர், எங்கள் ஆள். 57 நாள், 10 ஆட்டம், வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்புறம் மைக்கேல் ஆப்பிள்டன், 67 நாள். பெர்க் ஒப்பந்தப் பணம் கேட்டு கோர்ட்டுக்குப் போனார், 22.5 லட்சம் பவுண்டு அவருக்குத் தர வேண்டும் என்று தீர்ப்பானது. பணத்தை விடு. அந்த வழக்கில் கிளப் தரப்பு வாதம் என்ன தெரியுமா? ஒப்பந்தத்தைப் பேசி முடித்த மேனேஜிங் டைரக்டருக்கு அப்படி ஒப்புக்கொள்ள அதிகாரமே கிடையாது என்று! அவர்கள் வைத்த மேனேஜிங் டைரக்டர். அவர் போட்ட கையெழுத்துக்கு மதிப்பில்லை என்று அவர்களே சொல்கிறார்கள்.

இதுதான் தம்பி விஷயம். பணம் இல்லை என்பதோ, வெளிநாட்டுக்காரர் என்பதோ இல்லை. இந்தக் கிளப்பில் யார் முடிவெடுக்கிறார், எதற்கு எடுத்தார் என்று கேட்க ஒரு முகம் கிடையாது. வருஷக்கணக்காக ஓனர் யாரும் ஈவுட் பார்க்கில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்ததை நான் பார்க்கவில்லை. அறிக்கை வரும், அதுவும் எப்போதாவது.

---

கணக்கு_சரவணன்:

ரகு அண்ணன் உருக்கமாக எழுதிவிட்டார். ஆனால் 2013ஓடு நிறுத்திவிட்டார்.

மீதியைச் சொல்கிறேன். 2017இல் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள், பிரீமியர் லீக் கோப்பை ஜெயித்த கிளப்களில் அவ்வளவு கீழே போனது இவர்கள்தான் முதல். கடைசி நாளில் பிரென்ட்ஃபோர்டில் 3-1 ஜெயித்தும் கோல் வித்தியாசத்தில் போனார்கள். மற்ற ஓனர்கள் அந்த நேரத்தில் கடையைக் கட்டியிருப்பார்கள். வெங்கீஸ் டோனி மௌப்ரேயை வைத்துக்கொண்டார்கள், பணம் போட்டார்கள், அடுத்த வருஷமே அணி மேலே வந்தது. அவரை 2022வரை யாரும் தொடவில்லை. முதல் வகை அந்தஸ்துள்ள இளைஞர் அகாடமியை இன்னும் நடத்துகிறார்கள், அது லேசான செலவில்லை.

சுற்றிப் பாருங்கள். அதே லங்காஷயர் பக்கத்தில் பரி கிளப் 2019இல் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. விகன் 2020இல் கைமாறி சில வாரத்தில் திவால் நிர்வாகத்துக்குப் போனது. ஷெஃபீல்ட் வெட்னஸ்டே ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் சரியாகப் போகாமல் 2025 அக்டோபரில் அதே நிலைமை. சாம்பியன்ஷிப்பில் வருமானத்தைவிடச் சம்பளம் அதிகமாகக் கொடுக்கும் கிளப்கள் ஏராளம். அந்தக் குழியை ஓனர் நிரப்பினால்தான் கிளப் உயிரோடு இருக்கும். பதினைந்து வருஷமாக வெங்கீஸ் நிரப்புகிறார்கள்.

இந்தியாவில் அமலாக்கத்துறை விசாரணை சம்பந்தமாக 2023இலிருந்து பணம் அனுப்ப டில்லி உயர் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டிய நிலை வந்தது. கோர்ட் தேதிக்குக் காத்திருந்துதான் பணம் அனுப்ப முடிந்தது. அந்த நேரத்தில் ஆட்டக்காரரை விற்றார்கள் என்றால் வேறு வழி? முகம் வேண்டும் என்கிறார் அண்ணன். முகத்தைக் காட்டும் ஓனர், செக் கையெழுத்துப் போடும் ஓனர், இரண்டில் ஒன்று என்றால் நான் செக்கைத்தான் எடுப்பேன்.

---

ரிவர்சைடு_ரகு:

சரவணன், நீங்கள் சொன்ன பணக் கணக்கு எல்லாம் சரி. நான் அதை மறுக்கவே இல்லை, மேலே பாருங்கள். பரி மாதிரி ஆகாமல் இருப்பதற்கு வெங்கீஸ்தான் காரணம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். "வெங்கீஸ் வெளியேறு" அட்டையை நான் பிடித்ததும் கிடையாது.

ஆனால் பணமே செலவாகாத விஷயங்களைப் பார்ப்போமா?

2023 ஜனவரி கடைசி நாள், ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் டிரான்ஸ்ஃபர் காலம் முடியும் நாள். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிலிருந்து லூயிஸ் ஓ'பிரையன் வருகிறார், எல்லாம் பேசி முடிந்தது. காகிதம் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. டிரான்ஸ்ஃபர் ரத்து. அந்த சீசனை எங்கே முடித்தோம்? 7ஆம் இடம். 6ஆம் இடத்தில் சன்டர்லேண்ட். இருவருக்கும் 69 புள்ளி. பிரீமியர் லீக்குக்கு ஏற வாய்ப்புத் தரும் பிளே-ஆஃப் கோல் வித்தியாசத்தில் கைநழுவிப் போனது. ஒரு நல்ல மிட்ஃபீல்டர் மூன்று மாதத்தில் ஒரு புள்ளியாவது வாங்கித் தந்திருக்க மாட்டாரா?

சரி, ஒரு தடவை நடந்தது. அடுத்த வருஷம், அதே டிரான்ஸ்ஃபர் கடைசி நாள். அமெரிக்காவில் ஆர்லாண்டோவிலிருந்து டங்கன் மெக்குவயர் விமானம் ஏறி வந்து, மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடித்துவிட்டார். மறுபடியும் காகிதக் கோளாறு! லீக் பதிவு செய்ய மறுத்தது, அப்பீலும் தோற்றது, பையன் திரும்பிப் போனார். இதற்கு டில்லி கோர்ட் என்ன செய்யும்? முதல் தடவை நடந்ததும் "இது யார் பொறுப்பு?" என்று நேரில் வந்து கேட்கிற ஒரு ஓனர் இருந்திருந்தால் இரண்டாம் தடவை நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அதே வாரத்தில் ஆடம் வார்ட்டனை கிரிஸ்டல் பேலஸுக்கு 1.8 கோடி பவுண்டுக்கு விற்றோம். பிளாக்பர்னில் பிறந்த பையன், எங்கள் அகாடமி. சில மாதத்தில் இங்கிலாந்து அணியோடு யூரோ கோப்பைக்குப் போனார். சாம்பியன்ஷிப்பிலேயே அதிக கோல், 27, அடித்த ஸ்மோடிக்ஸை அந்த கோடையில் இப்ஸ்விச்சுக்கு விற்றோம். விற்பது தப்பு என்று சொல்லவில்லை. பென் பிரெரெட்டன், டைரிஸ் டோலன் இரண்டு பேரும் ஒப்பந்தம் முடிந்து சல்லிக்காசு வராமல் ஸ்பெயினுக்குப் போனார்களே, அது எந்தக் கணக்கில் வரும்? செக் போடுகிற ஓனர் என்கிறீர்கள், அந்தச் செக்கை இவ்வளவு பெரிதாக்கியதே இந்த மாதிரி மெத்தனம்தான்.

2025 பிப்ரவரியில் மேனேஜர் ஜான் யூஸ்டஸ் எங்களை விட்டு டெர்பிக்குப் போனார். நாங்கள் பிளே-ஆஃப் இடத்தில், டெர்பி இறங்கும் இடத்தில். மேலே இருக்கிற அணியிலிருந்து கீழே இருக்கிற அணிக்கு ஒரு மேனேஜர் தானாக இறங்கிப் போகிறார் என்றால் உள்ளே என்ன நிலவரம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த சீசனும் 7ஆம் இடம்.

அப்புறம் பெண்கள் அணி. கீரா வால்ஷ், ஜார்ஜியா ஸ்டான்வே, எலா டூன் மூவருமே ரோவர்ஸில் ஆடி வளர்ந்தவர்கள், இங்கிலாந்து அணியோடு ஐரோப்பிய சாம்பியன் ஆனவர்கள். 2025இல் இரண்டாம் நிலை லீக் கேட்கும் வசதிகளுக்குச் செலவு செய்ய முடியாது என்று அணியை விலக்கிக்கொண்டார்கள், நான்காம் நிலைக்குப் போயிற்று. கிளப்பின் 150ஆவது ஆண்டில். ஆண்கள் அணியில் ஒரு ஆட்டக்காரருக்குத் தருகிற சம்பளம் அளவுக்குக்கூட அந்தச் செலவு வருமா என்பது சந்தேகம்தான். என் மகள் அந்த அணியின் ஆட்டங்களுக்கு வருவாள், அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் காரம் அதிகம்.

---

நாமக்கல்_லேயர்:

கால்பந்து எனக்கு அவ்வளவு தெரியாது, உலகக் கோப்பை பார்ப்பதோடு சரி. தலைப்பில் வெங்கீஸ் என்று பார்த்து உள்ளே வந்தேன். எங்கள் பக்கம் அந்தப் பெயரைத் தெரியாமல் பண்ணை வைக்க முடியாது. எங்கள் ஷெட்டில் இருப்பது அவர்களுடைய பி.வி.300 முட்டைக்கோழி ரகம்தான். அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர் டாக்டர் பி.வி.ராவ். முட்டைக்கு தினசரி விலை அறிவிக்கிற என்.இ.சி.சி.யை 1982இல் தொடங்கக் காரணமாக இருந்தவரும் அவரே. வியாபாரி வைத்ததுதான் விலை என்று இருந்த காலத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்கள் அப்பாவைக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்.

அதனால்தான் இந்தக் கதை எனக்குப் புதிராக இருக்கிறது. லேயர் (முட்டைக்கோழி) பண்ணையில் ஒரு நாள் தண்ணீர் நிப்பிள் அடைத்துக்கொண்டால் உடனே முட்டை எண்ணிக்கையில் தெரியும். தீவனம் எவ்வளவு, முட்டை எவ்வளவு, செத்தது எத்தனை, தினமும் நோட்டில் எழுத வேண்டும். ஷெட்டுக்குள் போய் எச்சத்தைப் பார்த்தே நோய் சொல்லும் டாக்டர்கள் இந்தத் தொழிலில் உண்டு. இப்படிப்பட்ட தொழிலில் ஊறினவர்கள், போய்ப் பார்க்காமல் ஒரு கிளப்பை நடத்தலாம் என்று எப்படி நம்பினார்கள்? போட்டிக் கம்பெனியைக் கேட்டா குஞ்சு வாங்குவோம்? அங்கே ஏஜென்ட்டைக் கேட்டு மேனேஜர் வைத்திருக்கிறார்கள்.

---

கிள்ளான்_குமரன்:

ஷெபி சிங்கை யாரும் சொல்லவில்லையே! எங்கள் மலேசிய அணியில் டிஃபென்டராக ஆடியவர், அப்புறம் டிவியில் கால்பந்து பேசுவார், நாங்களெல்லாம் அவர் பேச்சைக் கேட்டுத்தான் பிரீமியர் லீக் பார்த்து வளர்ந்தோம். வாய் சும்மா இருக்காது, ஆனால் ஆட்டம் தெரிந்தவர். 2012இல் வெங்கீஸ் அவரை 'குளோபல் அட்வைசர்' ஆக்கினார்கள். போனவுடனே ரசிகர்கள் கூட்டத்தில், கீன் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றால் வேலை போகும் என்று பேசிவிட்டார். டிவியில் பேசுகிற பேச்சு, கிளப்புக்குள் போய்ப் பேசலாமா? அவரும் இப்போது இல்லை, 2022இல் காலமானார்.

எங்கள் நாட்டுக்காரர், கார்டிஃப் ஓனர் வின்சென்ட் டான் கதை வேறு மாதிரி. கார்டிஃப் சிட்டியின் நீல ஜெர்சியை 2012இல் சிவப்பாக்கினார், சிவப்பு ராசி என்று. ரசிகர்கள் கொதித்தார்கள். 2015 ஜனவரியில் நீலத்துக்கே திரும்பினார். இத்தனைக்கும் அவர் ஸ்டேடியத்துக்கு வந்து, ஜெர்சியை மேலே போட்டுக்கொண்டு உட்காருகிற மனிதர். கார்டிஃப் 2025இல் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியது. ஆகவே ரகு அண்ணே, ஓனர் வந்து உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள்.

---

கோவை_விங்கர்:

ரகு அண்ணா, நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ரூம்மேட்டுக்கு லிங்க் அனுப்பிவிட்டேன், பெர்க் வழக்கைப் படித்துவிட்டு அவன் சத்தமே இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். குமரன் அண்ணன் சொல்வதும் நியாயமாகத்தானே இருக்கிறது? நாளைக்கே வெங்கீஸ் விற்றுவிட்டால் வாங்க ஆள் இருக்கிறதா? இல்லையென்றால் உங்களுக்கு என்னதான் வேண்டும்?

---

ரிவர்சைடு_ரகு:

வாங்க ஆள் வரலாம், எப்படிப்பட்ட ஆள் என்பதுதான் பயம். விகனை வாங்கியவரும் ஓனர்களுக்கு லீக் வைக்கிற பரிசோதனையைத் தாண்டித்தான் வந்தார். அதனால்தான் நான் அந்த அட்டையைப் பிடிப்பதில்லை.

குமரன், ஓனர் வந்து உட்கார வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. புனேயிலேயே இருக்கட்டும், நிம்மதியாகத் தொழில் பார்க்கட்டும். இங்கே லங்காஷயரில் வீடு எடுத்துத் தங்கி, மேனேஜரை வைக்கவும், ஆட்டக்காரரை விற்கவும், கையெழுத்துப் போடவும் முழு அதிகாரம் உள்ள ஒரே ஒரு ஆள் வேண்டும். கால்பந்து தெரிந்த ஆள். தப்பு நடந்தால் அவர் ரசிகர் கூட்டத்தில் வந்து எங்கள் முன்னால் நிற்க வேண்டும். 2025இல் வந்த கால்பந்து நிர்வாகச் சட்டத்தில் ரசிகர்களைக் கலந்து பேச வேண்டும் என்று இருக்கிறது. சட்டம் வந்ததால் இனி ஆள் அனுப்பித்தான் ஆக வேண்டும். அனுப்புகிற ஆளுக்கு அதிகாரம் இருக்குமா, இல்லை டீ பிஸ்கட்டோடு முடித்துவிடுவாரா என்பது வேறு.

சொல்லப்போனால் அப்படி ஒருவர் இருந்தார். மௌப்ரே. சரவணன் சொன்ன அந்த நல்ல காலம் பணத்தால் மட்டும் வரவில்லை. அவர் தானே புனேக்குப் போய் ஓனர்களிடம் நேரில் பேசுவார், திரும்பி வந்து என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று எங்களுக்கு வெளிப்படையாகச் சொல்வார். மேனேஜர் வேலையோடு தூதர் வேலையும். 2022இல் ஒப்பந்தம் முடிந்து அவர் போனார், அதற்குப் பிறகு வந்ததுதான் ஓ'பிரையன், மெக்குவயர் எல்லாம்.

---

கணக்கு_சரவணன்:

அதே மௌப்ரேதான் ஓனர்களைப் பற்றி நல்லவிதமாகப் பேசினவரும். அதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள், அண்ணா?

---

ரிவர்சைடு_ரகு:

விடவில்லை. நேரில் போய்ப் பேசினவருக்கு அவர்கள் நல்லவர்களாகத்தான் தெரிந்திருக்கிறார்கள். நாங்கள் இருபதாயிரம் பேர் புனேக்கு டிக்கெட் எடுக்க முடியாதே.